மொரீசியோவின் தங்கைக்குப் பதினைந்து வயது

கொண்டாட்ட மண்டபங்களில் என்னோடு ஒரே மேசையில் உட்காருபவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்துவிட்டால் போதும், ஒரு கேள்வி வரும். பல வருடங்களாக அதே கேள்விதான். ரோல்ஸைக் கடித்தபடி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உந்த ஸ்பானிஷ்காரர்தானே கூடக் குழப்படி?" என்பார்கள். ஸ்பானிஷ்காரரின் மண்டபத்தில் இருந்தால் அவர்கள் தமிழரைப் பற்றி இதையே கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். என் நிறத்தையும் மீசையையும் பார்த்து என்னை எக்குவடோர் ஆள் என்று நினைத்துக்கொண்டு என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

போன மாதம் தர்சினி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற அதே அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிறாள். இங்கேயே பிறந்த பிள்ளை. "அங்கிள், இப்ப எல்லாம் ஒருத்தன் திரும்பக் குற்றம் செய்வானோ என்று கம்பியூட்டர்தான் ஸ்கோர் போடுது. அதுல சொந்தச் சனத்தோட எவ்வளவு ஒட்டு என்று ஒரு கேள்வி இருக்கு. அது நல்லதா கெட்டதா என்று நான்தான் டிசைட் பண்ணவேணும். வட் டூ ஐ டூ?" என்றாள். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குக் கூட்டம் ஒன்று இருந்ததால் பாதியில் போய்விட்டாள். மீதியை இங்கே எழுதுகிறேன், நேரம் இருக்கும்போது வாசிக்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. எண்பதுகளில் ரொறன்ரோவுக்கு வந்தேன். டவுன்ரவுனில் ஒரு கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கிழித்தேன். நீதிமன்றங்களில் தமிழர்களுக்கு மொழிபெயர்த்தேன். பின்னேரங்களில் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் நன்னடத்தை உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். ஊர்ச்சனத்துக்குப் புரியும்படி சொன்னால், புரொபேஷன் ஒஃபிசர். குற்றம் செய்தவனை நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், இன்ன இன்ன நிபந்தனைகளோடு வெளியில் விடுவார். அவன் அந்த நிபந்தனைகளின்படி நடக்கிறானா என்று பார்ப்பது எங்கள் வேலை. பயிற்சி வகுப்பில் கற்றதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒன்றுதான். போகும் வீடுகளில் எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. தமிழர் வீடோ ஸ்பானிஷ்காரர் வீடோ, கதவைத் திறந்ததும் தட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். "வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் செத்த வீடு நடந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் சுப்பர்வைசர் டொரீன். ஒன்ராறியோவின் சின்ன ஊரொன்றில் பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நரைத்த கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் குத்தியிருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். நாங்கள் எந்தச் சிக்கலோடு போனாலும், "உத்தரவை வாசி" என்பார். நீதிமன்ற உத்தரவை முதல் வரியிலிருந்து, நீதிபதியின் பெயர் உட்பட, நின்றபடி சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். மூன்றாம் நிபந்தனை வரும்போதே, "நன்றி, விளங்கிவிட்டது" என்று எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கிறேன். அவிழாத சிக்கல் என்றால் கொண்டையிலிருந்து பென்சில் வெளியே வரும். பென்சில் வந்தால் அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

முதல் வருடம் முழுக்க அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "மேடம்" என்பேன். "இங்கே மேடம் என்று யாரும் இல்லையே" என்று திரும்பிப் பார்ப்பார்.

மொரீசியோவின் கோப்பு என் மேசைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். வயது பத்தொன்பது. எல் சல்வடோரில் பிறந்தவன். அங்கே சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் சிலர் வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தாய் மார்த்தா, ஒன்பது வயது மகனையும் நாலைந்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு பல நாடுகள் தாண்டிக் கனடாவுக்கு வந்தாள். இந்தக் கதையை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் எங்கள் கதைதான்.

பெடியன் செய்தது அடிபிடி. ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் இரண்டு கூட்டம் மோதியதில் ஒருவனின் தாடை உடைந்தது. நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. பின்னேரம் ஏழு மணியிலிருந்து காலைவரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, நன்னடத்தை உத்தியோகத்தர் எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய என்பது முக்கிய நிபந்தனை. நாங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்போம். அவனேதான் எடுக்க வேண்டும். கைத்தொலைபேசி பரவாத காலம், ஏமாற்ற முடியாது. சில வேளைகளில் நேரில் போய்க் கதவைத் தட்டுவோம். ஆள் இல்லையென்றால் மீறல் என்று வழக்கு வரும், சிறை நிச்சயம். மொரீசியோவுக்கு அதோடு முடியாது. அவனுக்குக் குடியுரிமை இல்லை. சிறைக்குப் போனால் குடிவரவுத் திணைக்களம் தேடி வரும், ஒன்பது வயதில் விட்டுவந்த நாட்டுக்கு விமானம் ஏற்றிவிடும். இதை முதல் சந்திப்பிலேயே அவனுக்குச் சொன்னேன். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கதிரையில் பாதி வழுக்கியபடி உட்கார்ந்திருந்தவன் மெல்ல நிமிர்ந்தான்.

அவனும் தாயும் தங்கையும் மார்க்கம் வீதியில், வோபர்ன் பக்கம், ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தார்கள். ஒரு படுக்கையறை வீடு. அதே மாடியில் எதிர்க்கதவு பவளம் அன்ரியுடையது. பவளம் அன்ரிக்கு அந்தக் கட்டடத்தில் தெரியாத விசயம் கிடையாது. லிஃப்ட் எத்தனை தரம் நின்றது என்பதுகூடத் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மார்த்தா பேசியது உடைந்த ஆங்கிலம், டொரீன் பேசியது இஸ்திரி போட்ட ஆங்கிலம், பிள்ளைகள் பேசியது ஸ்காபரோ ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் தலைக்குள் டொரீன் இஸ்திரி போட்ட தமிழிலும் மற்றவர்கள் யாழ்ப்பாணத் தமிழிலும்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வசந்த காலத்தில், மொரீசியோ ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, பவளம் அன்ரி அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நீர்தானே எங்கட மாடிப் பெடியனைப் பாக்கிற ஆள்?"

"அதை நான் சொல்லேலாது அன்ரி."

"நீர் சொல்ல வேண்டாம், நான் சொல்லுறன். கீழ, உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில, கிழமைக்கு இரண்டு தரம் ஸ்பானிஷ் பெடியள் கூடுறாங்கள். எல்லாருக்கும் ஒரே கறுப்பு உடுப்பு. உவன்தான் தலைவர். உவன் என்னவோ எண்ணி எண்ணிச் சொல்ல மற்றவங்கள் அடி எடுத்து வைக்கிறாங்கள். ஒருத்தன்ர கழுத்தில பாம்புப் பச்சை. பொலிசுக்கும் சொல்லிப்போட்டன். எங்கட பிள்ளையளும் இருக்கிற இடம், நாளைக்கு உவங்களோட சேந்து கெட்டுப்போனால்?"

அந்த வருடங்களில் பத்திரிகைகள் தமிழ்க் கும்பல்களைப் பற்றித்தான் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தன என்பதை அன்ரி மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தப் போகவில்லை.

அன்ரியின் அழைப்புக்கு முன்பே பொலிஸ் அறிக்கை டொரீனின் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கும்பல் ஒன்று சீருடை அணிந்து பயிற்சி எடுப்பதாகச் சந்தேகம் என்று எழுதியிருந்தது. டொரீன் உத்தரவை வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்தேன். பென்சில் வெளியே வந்தது. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் போனேன். நிலவறைப் படியில் இறங்கும்போதே இசை கேட்டது. கதவைத் திறந்தால் ஏழு பெடியன்களும் ஏழு பெட்டைகளும் சோடி சோடியாக நிற்கிறார்கள். பெடியன்களுக்குக் கறுப்பு வெயிஸ்ற் கோட். மூலையில் ஒரு கசெற் பிளேயர். மொரீசியோ நடுவில் நின்று, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஸ்பானிஷில் எண்ணிக்கொண்டிருக்கிறான். கழுத்தில் பாம்புப் பச்சை குத்தியவன், மாடு போல உடம்பு, நுனிக்காலில் வால்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். சோடிப் பிள்ளையின் காலை மிதித்துவிட்டு ஒவ்வொரு தரமும் மன்னிப்புக் கேட்டான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் மொரீசியோவின் முகம் வெளிறிவிட்டது.

"ஏழு மணிக்கு முதல் முடிச்சிடுவம் சேர்" என்றான்.

தோய்த்த உடுப்புக் கூடையோடு வந்த மார்த்தாதான் விளக்கினாள். மகள் கிளெண்டாவுக்கு ஜூனில் பதினைந்து வயது. அவர்கள் நாட்டில் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது என்றால் பெரிய விழா. கோயிலில் பூசை, பிறகு மண்டபம், ஏழு சோடித் தோழர் தோழியர், மூன்று தட்டுக் கேக். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தகப்பன் எல்லோர் முன்னாலும் முழங்காலிட்டு, மகளின் தட்டையான சப்பாத்தைக் கழற்றி, முதல் முதலாகக் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டுவிடுவார். பிறகு இருவரும் முதல் நடனம் ஆடுவார்கள். அதோடு அவள் பெரிய பிள்ளை.

"இவளுக்குத் தகப்பன் இல்லை. தமையன்தான் போடவேணும்" என்றாள் மார்த்தா. "அவன் வராட்டி எனக்கு விழாவே வேண்டாம் என்று சொல்லிப்போட்டாள்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது எங்கள் சாமத்திய வீடு. எங்களுக்குப் பிள்ளை பெரியவளானதும், அவர்களுக்குப் பதினைந்து வயதானதும். மற்றப்படி மண்டபம், படப்பிடிப்பு, ஒரு மணித்தியாலம் பிந்தி வரும் அலங்காரக்காரி, கோபித்துக்கொள்ளும் மாமன், எல்லாம் அச்சொட்டு.

மறுநாள் டொரீனுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. ஒரு தேவாலய ஓர்கன்காரப் பெண்மணிக்கு அலுவலக நேரத்தில் சாமத்திய வீட்டை விளக்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காது சூடாகிவிட்டது. "அதற்கு மண்டபம் எடுப்பீர்களா?" என்றார். "எடுப்போம்." "அழைப்பிதழ் அடிப்பீர்களா?" "அடிப்போம்." "ஆண்களும் வருவார்களா?" "ஊரே வரும்."

பிறகு சொன்னார்: "அவர்கள் வந்து பத்து வருடம் ஆகிறது. இன்னும் இதெல்லாம் தேவைதானா? இந்த நாட்டுப் பழக்கத்தைப் பழகினால் அந்தப் பையன் திருந்த மாட்டானா?"

கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், நல்லவர்களும். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவன் பழகிவிட்டான் டொரீன்" என்றேன். முதல் தடவையாகப் பெயர் தானாக வந்தது. "பிளாசாவில் கூடி நிற்பது, அந்த நடை, அந்தத் தொப்பி, தாய் கேட்டால் பதில் சொல்லாமல் கதவை அடித்துச் சாத்துவது, எல்லாம் இங்கே பழகியதுதான். வந்த அன்றே ஒருவனும் குழப்படிக்குப் போவதில்லை. தாய் மூன்று கட்டடம் கூட்டித் துடைத்துவிட்டு வந்து செத்த பிணம்போல நித்திரை கொள்கிறாள். அவளை நான் என் கோப்புகளில் கண்டதில்லை. இங்கே வளர்ந்து, தாயின் பேச்சும் விளங்காமல் இங்கத்தைப் பிள்ளைகளோடும் முழுதாகச் சேர முடியாமல் நடுவில் நிற்கிறவன்தான் எங்களிடம் வருகிறான். என் சனத்திலும் அப்படித்தான். அவன் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சாமான் இந்த வால்ட்ஸ். அதையும் விடச் சொல்வதா?"

டொரீன் பென்சிலைக் கொண்டையில் குத்தினார். "அடுத்த பயிற்சி எப்போது?" என்றார்.

என்னோடு நிலவறைக்கு வந்தார். பெடியன்கள் கல்லாய் நின்றுவிட்டார்கள். "ஆடுங்கள்" என்றார். ஆடினார்கள். இரண்டு பாட்டுவரை பொறுத்துக்கொண்டிருந்தவர், பாம்புப் பச்சைக்காரனிடம் போய், "காலைப் பார்க்காதே தம்பி, அவள் முகத்தைப் பார்" என்றார். அவன் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் யாரையும் மிதிக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. ஆனால் இரவு ஒன்பது மணிவரைதான். நான் பதினொரு மணி கேட்டேன். "விழா நான்கு மணிக்கு என்று சொல்கிறாயே, ஐந்து மணித்தியாலம் போதாதா? பொலிஸ் அறிக்கையும் கோப்பில் இருக்கிறது" என்றார் டொரீன். நான்கு மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஆறரைக்குத்தான் சனம் வரும், சாப்பாடு முடியாமல் நடனம் தொடங்காது என்பதை, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்திவந்து காரில் காத்திருக்கும் ஒருவருக்கு எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தேன். "அப்படியானால் அழைப்பிதழில் ஏன் நான்கு மணி என்று அடிக்கிறார்கள்?" என்று கேட்டார். ஒன்பது மணி என்று எழுதி அவரே கையெழுத்து வைத்தார்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. அழைப்பிதழ் அடித்து வந்தது. இளஞ்சிவப்பு நிறம், தங்க எழுத்து. மார்த்தா பண்பாக டொரீனுக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். டொரீன் என்னை அறைக்கு அழைத்தார். ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். நீட்டி முழக்கிய என் தமிழ்ப் பெயர், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், நடுவில் ஜொலித்தது.

அவர்கள் வழக்கத்தில் விழாவின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் உண்டு. கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர். பெயரை அழைப்பிதழில் போட்டுக் கௌரவிப்பார்கள். சப்பாத்துக்கு ஞானத்தந்தை நான்! மகனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய அரசாங்க உத்தியோகத்தரின் பெயரை, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், குடும்ப மூத்தவராக அச்சடித்துவிட்டாள்.

"உன் வேலையே போகலாம், தெரியுமா?" என்றார் டொரீன். தெரியும். பொலிஸ் கண்ணில் அந்த அட்டை பட்டால் அனுமதிக் கடிதம் குப்பைக்குப் போகும் என்பதும் தெரியும்.

மார்த்தாவிடம் போனேன். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன்.

"வேற ஆரைப் போடுறது?" என்றாள், ஆச்சரியத்தோடு. "இந்த நாட்டில என்ர பிள்ளை சாப்பிட்டானோ, வேலைக்குப் போனானோ, வீட்ட வந்திட்டானோ என்று கேக்கிற ஒரே ஆம்பிளை நீங்கள்தானே."

அதைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று விளக்காமல், பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அழைப்பிதழில் பெயர் விடுபட்டதற்கு வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். பெயரை எடு என்று கேட்க வந்த முதல் ஆள் நான். அவள் கண்கள் கலங்கியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்து எதிர்க்கதவைத் தட்டினேன். பவளம் அன்ரியிடம் நிலவறைக் கும்பலின் உண்மையான வேலையைச் சொன்னேன். அன்ரி கன்னத்தில் கை வைத்தார்.

"சாமத்திய வீடோ? உதை முதலே சொல்லியிருக்கலாமே! தகப்பனும் இல்லையோ? ஐயோ பாவம் பிள்ளை. சப்பாத்துத் தட்டு ஆர் தூக்கிறது?"

"இப்ப ஒருத்தரும் இல்லை அன்ரி. என்ர பேரை எடுக்கவேண்டியதாப் போச்சு."

"என்ர பேரைப் போடச் சொல்லும். வெள்ளித் தாம்பாளம் இருக்கு. கூறைச் சீலையும் கட்டுறன்."

என் பெயருக்கு மேலே வெள்ளைத் துண்டு ஒட்டி, அன்ரியின் பெயரைக் கிளெண்டா தன் கையால் எல்லா அட்டைகளிலும் எழுதினாள். பொலிசுக்குப் போன அதே அன்ரி, இரண்டு கிழமையில் ஸ்பானிஷ்கார வீட்டின் ஞானத்தாய் ஆனார்.

விழா ஜூன் மாதச் சனிக்கிழமை. நான் போகக்கூடாது. அன்று பின்னேர வேலையை வேண்டுமென்றே கேட்டு வாங்கிக்கொண்டு அலுவலகத்தில் இருந்தேன். ஒன்பது மணிக்கு நான்தான் மொரீசியோவின் வீட்டுக்கு அழைக்க வேண்டும். வெளியே இன்னும் வெயில் இருந்தது. எட்டு மணிக்குப் பிறகு தொலைபேசி அடித்தது.

"சேர், நான் மொரீசியோ. மண்டபத்தில இருந்து கதைக்கிறன்." பின்னால் ஒரே இரைச்சல். "பான்ட்காரர் இப்பதான் வந்தவங்கள். சாப்பாடு இன்னும் முடியேல்லை. சப்பாத்து இன்னும் போடேல்லை. ஒரு மணித்தியாலம் கூட்டித் தருவீங்களா? ப்ளீஸ் சேர்."

டொரீனின் வீட்டுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அன்று அவர் ஊருக்குப் போயிருந்தார். அவர் கையெழுத்து வைத்த நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மாற்றினால், பொலிஸ் ஒன்பதரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால், அவனைக் காப்பாற்ற என் வாய்ச்சொல் போதாது. எனக்கு அழுகை வரும்போலக் கோபம் வந்தது. பான்ட்காரர்மீது, டொரீன்மீது, அழைப்பிதழில் நான்கு மணி என்று பொய் சொல்லும் உலகத்துச் சனம் எல்லார்மீதும்.

"கடிதத்தில ஒன்பது என்று இருக்கு மொரீசியோ. ஒன்பதுக்கு வீட்டில நில்லு."

"ஓகே சேர்" என்றான். தொலைபேசியை வைத்த சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

ஒன்பது மணிக்கு அழைத்தேன். தொடர்பில் இருப்பதாகச் சத்தம் வந்தது. மறுபடி அழைத்தேன், அதே சத்தம். அவன் வீட்டுக்குப் போகவில்லை, தங்கையை விட்டுப் போக மனம் வரவில்லை, யாரோ தொலைபேசியைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கோப்பை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஆள் இல்லையென்றால் மீறல் என்று எழுதவேண்டியவன் நான்தான்.

ஆறாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. எதிரே ஒரு சோபா. அதில் கோட்டுச் சூட்டுப் போட்ட நான்கு கிழவர்கள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்து சாப்பாட்டு மேசை, அதன்மேல் தொலைக்காட்சி. அதற்கு அப்பால் மெத்தை, மெத்தை நிறையப் பிள்ளைகள். நடைபாதை நெடுக ஒரே சனம். பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. கூறைச் சேலையும் கொண்டைப் பூவுமாகப் பவளம் அன்ரி நடுவில் நின்று சனத்தை விலக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வந்திட்டீரோ? கேட்டீரே புதினம்! உவன் அழுதழுது வெளிக்கிட்டான். உந்தப் பெட்டை எழும்பிப் போய் மைக்கைப் பிடிச்சாள். எனக்கு அப்பா இல்லை, அண்ணாவையும் தனிய அனுப்பமாட்டன், எல்லாரும் எங்கட வீட்ட வாங்கோ என்று சொல்லிப்போட்டாள். தாய் குழறினாள், மண்டபம், சோடினை எல்லாம் வீண் என்று. பெட்டை கேட்டால்தானே! பாம்புப் பச்சைக்காரன்தான் சோபாவைத் தனியத் தூக்கினவன். தொலைபேசி ரிசீவரும் எங்கையோ விழுந்து கிடக்கு."

கதவடியில் நின்று உள்ளே பார்த்தேன். வரவேற்பறை வெறுமையாக்கப்பட்டிருந்தது. எக்காளக்காரர் இருவர் சமையலறைக்குள் ஒடுங்கி நின்றார்கள். அன்ரியின் வெள்ளித் தாம்பாளம் கீழே இருந்தது. மொரீசியோ முழங்காலில் இருந்தான். தங்கையின் தட்டைச் சப்பாத்தைக் கழற்றி, குதிச் சப்பாத்தை மாட்டினான். வார்ப்பூட்டு இரண்டு தரம் வழுக்கியது. மார்த்தா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எக்காளம் தொடங்கியது. இருவரும் ஆடினார்கள். நான்கு அடிக்கு ஒரு சுவர், திரும்பினால் நான்கு அடிக்கு யன்னல். அவன் அந்த நான்கு அடியையும் அழகாக ஆடினான். தகப்பனில்லாத வீடுகள் எங்கள் பக்கத்திலும் எத்தனையோ உண்டு. நான் அங்கே நின்று வெளிப்படையாகவே அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

பாட்டு முடிந்ததும் கிளெண்டா என்னைக் கண்டாள். பெரிய இளஞ்சிவப்புக் கவுணை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு, புதுக் குதிச் சப்பாத்தில் தள்ளாடியபடி வாசலுக்கு வந்தாள். எனக்குச் சரியாக முன்னால் நின்றாள். சிரிக்கவில்லை.

"அங்கிள், அண்ணா ஒன்பதுக்கு முதலே உள்ளுக்க வந்திட்டான். இவ்வளவு பேரும் சாட்சி. உள்ள நிக்கிறான், பார்த்தீங்கள்தானே?"

"பார்த்தன் பிள்ளை."

"அப்ப எழுதுங்கோ."

கோப்பைச் சுவரில் வைத்துக்கொண்டு, வந்த நேரத்தையும், ஆள் வீட்டுக்குள் இருந்ததையும் எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்து வைத்த பிறகுதான் அடுத்த பாட்டுக்கு உள்ளே போனாள்.